நிரப்பப்படாத கட்டங்கள்

அலெக்ஸ் ஹேலியின் 'ரூட்ஸ்' தமிழில் 'ஏழு தலைமுறைகள்' என்ற பெயரில் படிக்கக் கிடைக்கிறது. மூலத் தலைப்பு வேர்களைச் சொல்கிறது, தமிழ்த் தலைப்பு எண்ணிக்கையைச் சொல்கிறது. குண்டா கிண்டே, அவர் மகள் கிஸ்ஸி, அவள் மகன் ஜார்ஜ், ஜார்ஜின் மகன் டாம், டாமின் மகள் சிந்தியா, அவள் மகள் பெர்த்தா, பெர்த்தாவின் மகன் அலெக்ஸ். விரல் விட்டு எண்ணினால் ஏழு சரியாக வருகிறது. ஒரு கண்ணிகூட விடுபடவில்லை. அந்தப் புத்தகத்தின் பலமும் அதுதான், அதன் மீது எனக்குள்ள முதல் சந்தேகமும் அதுதான். நிலத்தில் உழைத்துச் செத்தவர்களின் குடும்பத்தைப் பழைய காகிதங்களில் தேடினால், சங்கிலி இப்படி அறுபடாமல் வந்து நிற்குமா?

நிற்காது. ஏன் நிற்காது என்பதையும், நிற்காத இடத்தில் எழுதுகிறவர் என்ன செய்கிறார் என்பதையும் வைத்துத்தான் இந்த வகைப் புத்தகங்களை மதிப்பிட வேண்டும் என்று நினைக்கிறேன். நடை, உருக்கம், விரிவு எல்லாம் அதற்குப் பிறகுதான். இரண்டு புத்தகங்களை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, 1976இல் வந்த 'ரூட்ஸ்'. இன்னொன்று, 2013இல் வந்த கயூத்ரா பஹாதுரின் 'கூலி வுமன்'. முன்னது புகையிலை, பருத்தி நிலங்களின் கதை, பின்னது கரும்புத் தோட்டத்தின் கதை. இரண்டிலும் எழுதுபவர் தன் சொந்த முன்னோரைத் தேடிப் போகிறார். இரண்டு பேருக்கும் கிடைப்பது அரைகுறை ஆவணம்.

*

முதலில் ஹேலி. டென்னசி மாநிலத்தின் ஹென்னிங் என்ற சிற்றூரில், பாட்டியும் அவள் சகோதரிகளும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொன்ன கதைகளைக் கேட்டு வளர்ந்தவர் அவர். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட ஒரு ஆள். விறகு வெட்டப் போன இடத்தில் மாட்டிக்கொண்டவன். எசமானன் வைத்த டோபி என்ற பெயரை ஏற்காதவன். தப்பி ஓடியதற்குத் தண்டனையாகக் காலை இழந்தவன். 'கம்பி போலோங்கோ' என்று ஒரு ஆற்றைச் சொன்னவன். அந்தச் சொல்லை ஹேலி பிடித்துக்கொண்டார். வாய்மொழி வரலாற்று அறிஞர் யான் வன்சினா அது மாண்டிங்கா மொழியாக இருக்கும், காம்பியா ஆற்றைக் குறிக்கும் என்று சொல்ல, ஹேலி காம்பியாவுக்குப் போனார். ஜூஃபூரே கிராமத்தில் ஒரு முதிய கதைசொல்லி, கிண்டே குலத்தின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டே வந்து, குண்டா என்ற பையன் விறகு வெட்டப் போனான், பிறகு யாரும் அவனைப் பார்க்கவில்லை என்ற இடத்தில் வந்து நிறுத்தினார்.

மீதியைக் காகிதங்கள் பார்த்துக்கொண்டன. 'லார்ட் லிகொனியர்' என்ற கப்பல் 1767 செப்டம்பர் 29 அன்று மேரிலாந்தின் அனாபொலிஸ் துறைமுகத்துக்கு வந்தது. வர்ஜீனியாவில் 1768 செப்டம்பர் 5 தேதியிட்ட ஒரு பத்திரம் கிடைத்தது. ஜான் வாலர் தன் சகோதரர் வில்லியம் வாலருக்கு எழுதிக்கொடுத்த சொத்துகளில் டோபி என்ற அடிமையும் இருந்தார். திண்ணைக் கதை, கதைசொல்லி, கப்பல், பத்திரம் என நான்கும் ஒரே கோட்டில் வந்து நின்றன. புத்தகம் வந்த மறு ஆண்டே சிறப்பு புலிட்சர் விருது. தொலைக்காட்சித் தொடராகவும் வந்து அமெரிக்காவையே உட்கார வைத்தது.

பிறகுதான் கோடு கலையத் தொடங்கியது. 1977இலேயே மார்க் ஒட்டவே என்ற பத்திரிகையாளர் காம்பியாவுக்குப் போய், அந்தக் கதைசொல்லி முறைப்படி பயின்ற குலவரலாற்றுப் பாடகர் அல்ல என்றும், ஹேலி எதைத் தேடி வருகிறார் என்பது அவர் வருவதற்கு முன்பே அங்கே தெரிந்திருந்தது என்றும் எழுதினார். 1978இல் ஹரால்ட் கூர்லாண்டர் தன் நாவலிலிருந்து பகுதிகள் எடுக்கப்பட்டதாகத் தொடுத்த வழக்கு, பணம் கொடுத்துச் சமரசத்தில் முடிந்தது. எனக்கு இவை இரண்டையும்விட முக்கியமாகப் படுவது 1981இல் கேரி மில்ஸ், எலிசபெத் ஷோன் மில்ஸ் தம்பதியர் வெளியிட்ட ஆய்வு. அவர்கள் வாலர் குடும்பத்தின் காகிதங்களை வரிசையாகப் படித்தார்கள். வாலர்களின் டோபி, 'லார்ட் லிகொனியர்' வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே அந்தக் குடும்பத்தின் ஆவணங்களில் இருக்கிறார். 1782க்குள் ஆவணங்களிலிருந்து மறைந்தும் போகிறார். ஹேலியின் கணக்குப்படி கிஸ்ஸி பிறந்தது 1790. அதாவது இந்த டோபி அந்தக் கப்பலில் வந்திருக்கவும் முடியாது, கிஸ்ஸிக்கு அப்பனாக இருந்திருக்கவும் முடியாது.

இதைக் கேட்டதும் கோபப்படுகிறவர்கள் உண்டு. ஆளையே விலைக்கு வாங்கி விற்றவன் எழுதிவைத்த காகிதத்தை வைத்து, அடிமையின் பேரனைப் பொய்யன் என்பதா? காகிதம் இல்லைன்னா ஆளே இல்லைன்னு ஆயிடுமா? நியாயமான கேள்விதான். ஆனால் மில்ஸ் தம்பதியரின் முடிவு அப்படிச் சொல்லவில்லை. ஹேலிக்கு ஆப்பிரிக்க முன்னோர் இல்லை என்பது அதன் பொருளல்ல. திண்ணையில் சொல்லப்பட்ட அந்த ஆள் இருந்திருக்கலாம், ஓடியிருக்கலாம், காலை இழந்திருக்கலாம். காகிதத்தில் இருக்கும் டோபி அந்த ஆள் அல்ல, அவ்வளவுதான். ஒரு கரையில் நினைவு, மறு கரையில் ஆவணம். நடுவில் பாலம் இல்லை. ஹேலி ஒரு பாலத்தைக் கட்டி, அது முன்பிருந்தே அங்கே இருந்ததுபோல் பழைய சாயம் பூசிவிட்டார்.

இலக்கியமாகவும் இதில் ஒரு நட்டம் இருக்கிறது. 'ரூட்ஸ்' 120 அத்தியாயங்கள் கொண்டது. கடைசி அத்தியாயங்களில்தான் ஹேலி தன் தேடலைச் சொல்கிறார். எனக்கு அந்தப் பக்கங்களில் இருக்கும் உயிர் முந்தைய பல நூறு பக்கங்களில் இல்லை. ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து பழைய கணக்கெடுப்பின் நுண்படச் சுருளை ஓட்டிக்கொண்டே போகும் மனிதரின் படபடப்பு அதில் இருக்கிறது. அந்தத் தேடலில் எங்கே தடுக்கி விழுந்தார், எதை ஊகித்தார், எதை ஒட்டவைத்தார் என்று அவர் திறந்து எழுதியிருந்தால் புத்தகம் இளைத்திருக்கும். ஏழு தலைமுறை நான்காகக் குறைந்திருக்கும். ஆனால் யாராலும் அதை அசைக்க முடிந்திருக்காது.

*

ஆவணம் ஏன் அறுந்துபோகிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நெருப்பு, வெள்ளம், கரையான் எல்லாம் காரணம்தான். ஆனால் முதல் காரணம் அது இல்லை. எழுதியவருக்கு எது தேவைப்பட்டதோ அது மட்டும் எழுதப்பட்டது.

அமெரிக்காவில் 1850, 1860 ஆகிய இரண்டு கணக்கெடுப்புகளிலும் அடிமைகளுக்குத் தனிப் பட்டியல் போட்டார்கள். எசமானரின் பெயர் இருக்கும். கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம். ஆளின் பெயருக்கு இடமில்லை. விடுதலை பெற்ற மக்கள் எல்லாரும் பெயரோடு பதிவானது 1870 கணக்கெடுப்பில்தான். அதனால் கறுப்பினக் குடும்பங்களில் வேர் தேடுகிறவர்கள் பலர் 1870இல் வந்து சுவரில் முட்டிக்கொள்கிறார்கள். அதற்கு முன்னால் போக வேண்டுமானால், எசமானரின் உயிலையும் அடமானப் பத்திரத்தையும் சொத்துப் பட்டியலையும்தான் பார்க்க வேண்டும். அங்கே பெயர் இருக்கும், ஏனென்றால் அங்கே அவர் சொத்து. ஆளாக எண்ணும்போது பெயர் இல்லை, பொருளாகக் கைமாறும்போது பெயர் உண்டு. ஹேலி கண்டெடுத்த டோபியும் அப்படித்தான் காகிதத்தில் விழுந்தவர்.

இந்த நோக்கத்தை மறந்துவிட்டு ஆவணத்தைத் தொட்டால் அது நம்மை ஏமாற்றும். ஹேலி தன்னிடம் ஏற்கெனவே இருந்த கதைக்கு முத்திரை குத்த அதைப் பயன்படுத்தினார். எழுதியவன் யார், எதற்காக எழுதினான், எதை விட்டான் என்று சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வதுபோல அதை விசாரித்திருக்க வேண்டும். பஹாதுர் செய்வது அந்த விசாரணையைத்தான்.

*

கயூத்ரா பஹாதுர் கயானாவில் பிறந்து, சிறு வயதில் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த பத்திரிகையாளர். அவருடைய கொள்ளுப்பாட்டி சுஜாரியா 1903இல் கல்கத்தாவில் 'தி கிளைட்' என்ற கப்பலில் ஏறினார். வயது 27. நான்கு மாதக் கர்ப்பிணி. பிராமண சாதி. ஊர் பிஹார். கூடக் கணவர் இல்லை. பிள்ளை நடுக்கடலில் பிறந்தது. அந்தப் பிள்ளைதான் எழுத்தாளரின் தாத்தா. இவ்வளவையும் சொல்வது குடியேற்றச் சீட்டு என்ற ஒரு தாளும், கப்பல் பதிவுகளும், குடும்பத்தில் தங்கிய சில வார்த்தைகளும்தான்.

ஏன் கிளம்பினார்? வயிற்றில் இருந்த குழந்தைக்கு அப்பன் யார்? அவர் செத்துவிட்டாரா, விட்டு ஓடினாரா, இவர்தான் அவரை விட்டு ஓடினாரா? எந்தக் காகிதத்திலும் பதில் இல்லை. புத்தகத்தின் மொத்த விசையும் இங்கேதான் பிறக்கிறது. பஹாதுர் பதிலை உருவாக்குவதில்லை. கேள்விகளை அடுக்குகிறார். விதவையா? தீர்த்த யாத்திரை வந்த இடத்தில் ஆள்பிடிக்கும் தரகன் கையில் சிக்கினாரா? அடி தாங்காமல் வந்தவரா? விருப்பத்தோடு புறப்பட்டவரா? ஒரு கேள்வியின் வால் இன்னொன்றின் தலையைத் தொட்டுக்கொண்டு போகிறது. வேறு யாராவது எழுதினால் எரிச்சல் வரும். இவரிடம் வருவதில்லை, ஏனென்றால் ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால் வேறொரு பெண்ணின் உண்மையான வழக்கு நிற்கிறது.

அதுதான் இந்தப் புத்தகத்தின் முறை. சுஜாரியாவின் தாளில் இல்லாததை, சுஜாரியா போன்ற மற்ற பெண்களின் தாள்களில் தேடுவது. பிரிட்டிஷ் கயானாவுக்கு 1838இலிருந்து 1917 வரை போன இந்தியர்கள் ஏறக்குறைய 2,39,000 பேர். நூறு ஆணுக்கு நாற்பது பெண் அனுப்ப வேண்டும் என்று அரசு விதி வைத்திருந்தது. அந்த எண்ணிக்கையை நிரப்பத் தரகர்கள் பட்ட பாடு, கப்பலில் பெண்களுக்கு மாலுமிகளாலும் மருத்துவர்களாலும் நேர்ந்தவை, தோட்டத்தில் மேற்பார்வையாளர்களின் அத்துமீறல், பெண்கள் குறைவாக இருந்ததால் அவர்களுக்குக் கிடைத்த சிறு பிடிமானம், அதே காரணத்தால் வெட்டுக்கத்திக்குப் பலியான மனைவிகள். இதையெல்லாம் பஹாதுர் விசாரணை அறிக்கைகளிலிருந்தும் மனுக்களிலிருந்தும் எடுத்து வைக்கிறார். சுஜாரியா நடுவில் பல பக்கங்களுக்குக் காணாமல் போகிறார். அது குறை என்று சொல்பவர்களைப் படித்திருக்கிறேன். எனக்கு அது நேர்மை. தெரியாத ஆளைத் தெரிந்த மாதிரி பேச வைப்பதைவிட, அவள் நின்ற கூட்டத்தை முழு வெளிச்சத்தில் காட்டிவிட்டு 'இதற்குள் எங்கோ இருக்கிறாள்' என்று ஒதுங்கிக்கொள்வது மேல்.

ஒரு ஆச்சரியம் உண்டு. 'ரூட்ஸ்' கோட்டைக் கலைத்த அதே எலிசபெத் ஷோன் மில்ஸ்தான், வம்ச ஆய்வாளர்கள் இன்று மந்திரம்போலச் சொல்லும் ஒரு வழிமுறையைப் பரவலாக்கியவர். ஒருவரைப் பற்றி ஆவணம் இல்லையென்றால் அவருடைய நண்பர், கூட்டாளி, அண்டை அயலார் ஆகியோரின் ஆவணத்தைப் படி என்பது அது. நேர்கோட்டில் பின்னால் போக முடியாதபோது பக்கவாட்டில் போ. பஹாதுர் அதை இலக்கியமாகச் செய்திருக்கிறார்.

குறை ஒன்றும் இல்லாமல் இல்லை. கேள்விக்குறி எப்போதும் அப்பாவி அல்ல. நான்கு சாத்தியங்களைக் கேள்வியாக வைத்தால், வாசகர் மனசு அதில் ஆகத் துயரமானதை, அல்லது ஆகத் துணிச்சலானதைப் பிடித்துக்கொள்ளும். புத்தகத்தை மூடும்போது 'தப்பி வந்த பெண்' என்ற சுஜாரியா நம் தலைக்குள் உட்கார்ந்துவிடுகிறார். பஹாதுர் அப்படிச் சொல்லவே இல்லை, கேட்டார், அவ்வளவுதான். ஆனால் கேட்ட தொனியில் ஒரு சாய்வு இருக்கிறது. கொள்ளுப்பேத்திக்கு அந்தச் சாய்வு இருக்காதா என்றால், இருக்கும். வாசகர் அதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

*

'கூலி' என்ற சொல்லின் பிறப்பைப் பற்றிய விளக்கங்களில் ஒன்று அதை நம் மொழிக்குக் கொண்டுவருகிறது. சொல்லோடு ஆட்களும் போனார்கள். 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து கிளம்பிய 'ட்ரூரோ', நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. அதில் தொடங்கி 1911 வரை நேட்டாலுக்குப் போன ஒப்பந்தத் தொழிலாளர்கள் 1,52,184 பேர். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை வழியாகப் போனவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண். கூடவே பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பிலுள்ள அடையாளம். அஷ்வின் தேசாயும் கூலம் வாஹெதும் எழுதிய நேட்டால் ஒப்பந்தக் கூலிகளின் வரலாறு, மனிதர்களைப் பெயரோடும் இந்த எண்ணோடும் சேர்த்தே பேசுகிறது.

இந்தப் பட்டியலை வைத்து யோசித்தால் ஒரு விசித்திரம் தெரியும். வட ஆற்காட்டு ஜில்லாவின் ஏதோ ஒரு ஊரில் அண்ணன், தம்பி இரண்டு பேர் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் நிலம் இல்லை, பண்ணை வேலை. தம்பி கப்பலேறினான். அவனுக்கு எண் உண்டு, அப்பா பெயர் உண்டு, முழங்காலில் தழும்பு இருந்தால் அதுவும் உண்டு. ஊரிலேயே இருந்து உழுது செத்த அண்ணனுக்கு? ரயத்துவாரி முறையில் அரசு எழுதிவைத்தது வரி கட்டுகிறவரின் பெயரை. பட்டாதாரராக இருந்தால் நிலவரித் திட்டப் பதிவேட்டில் இருப்பான். அடுத்தவன் நிலத்தில் உழைத்தால் எந்த ஏட்டிலும் இல்லை. 1871 கணக்கெடுப்பில் அவன் எண்ணப்பட்டிருப்பான், ஆனால் அச்சாகி நமக்கு வந்தது மொத்தத் தொகைகள்தான். பிறந்த மண்ணில் இருந்தவனுக்கு அடையாளம் இல்லை, மண்ணை விட்டுப் போனவனுக்கு இருக்கிறது. அதுவும் இன்னொருவன் அவன் உழைப்பைக் கணக்கு வைக்க வேண்டியிருந்ததால்.

பெண்களுக்கு இது இன்னும் கடுமை. என் அம்மாவிடம் அவளுடைய அப்பாயி பேர் என்ன என்று ஒருமுறை கேட்டேன். "ஆத்தான்னுதான் கூப்பிடுவோம். பேரெல்லாம் யாருக்குத் தெரியும்" என்றாள். அந்த ஆத்தாவின் கணவர் பெயர், அவர் உழுத காட்டின் பெயர், ஏன் உழவு மாட்டின் பெயர்கூட அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. காட்டுக்கும் மாட்டுக்கும் பெயர் தங்கியிருக்கிறது. களை எடுத்தவளுக்குத் தங்கவில்லை. சுஜாரியாவின் பெயர் ஒரு பேரரசின் தொழிலாளர் பட்டியலில் தப்பிப் பிழைத்ததை நினைத்து நன்றி சொல்வதா, வெட்கப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

தென்னாப்பிரிக்காவிலிருந்து பட்டியல் எண்ணோடு ஊர் தேடி வருகிறவர்களுக்கு வேறு தொல்லைகளும் காத்திருக்கின்றன. தமிழ்ப் பெயர் எழுத்தரின் காதில் விழுந்து, ஆங்கில எழுத்தில் ஏறி, மூன்று தலைமுறை கழித்து மூட்லி, கவெண்டர் என்று திரும்பி வருகிறது. அப்பா பெயர் சிலருக்குக் குடும்பப் பெயராகவே நிலைத்துவிட்டது. பழைய வட ஆற்காட்டிலிருந்து ஒரு பகுதி 1911இல் சித்தூர் மாவட்டத்தோடு போனது. மிச்சம் 1989இலும் 2019இலும் பிரிந்தது. பட்டியலில் இருக்கும் ஜில்லா இன்று ஒன்றாக இல்லை. ஊர் ஆந்திராவில்கூட இருக்கலாம்.

இங்கேதான் ஜூஃபூரே நினைவுக்கு வருகிறது. கடல் தாண்டி ஒருவர் வந்து, கையில் தாளை நீட்டி, கண் கலங்க நின்றால், நம் ஊர்ப் பெரியவர் யாரும் வெறுங்கையோடு அனுப்ப மாட்டார். "அட, நம்ம முனுசாமி வகையறாதானே! உள்ள வா கண்ணு" என்று சோறு போட்டுவிடுவார். அதில் பொய் சொல்லும் எண்ணம் துளியும் இருக்காது. வந்தவரின் ஏக்கத்துக்கு மரியாதை செய்வது அது. காம்பியாவின் கதைசொல்லியையும் நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அந்த அன்பை ஆதாரமாக்கி அச்சில் ஏற்றிய எழுத்தாளரிடம்தான் என் கேள்வி.

ஏனென்றால் தவறான முன்னோரை ஏற்றுக்கொண்டால், சரியான முன்னோர் இரண்டாவது முறையாக அழிக்கப்படுகிறார். கிஸ்ஸியின் உண்மையான அப்பா யாரோ ஒருவர் இருந்தாரே? அந்த மனிதரின் இடத்தில் வாலர்களின் டோபி உட்கார்ந்துவிட்டார். டோபிக்கும் இதில் நீதி இல்லை. தனக்கென்று ஒரு வாழ்க்கை வாழ்ந்து 1782க்குள் மறைந்த அவர், வேறொருவரின் கதையைச் சுமக்க வேண்டியதாயிற்று.

தமிழில் இந்த வகைப் புத்தகங்கள் இனி நிறைய வரும். இலங்கை மலையகம், மலாயா, பிஜி, மொரீஷியஸ், நேட்டால் என்று தோட்டங்களுக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் எழுதுவார்கள். ஊரிலேயே இருந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் எழுத வேண்டும். அவர்களிடம் நான் எதிர்பார்ப்பது ஒன்றுதான். எது காகிதத்தில் இருந்தது, எது பாட்டி சொன்னது, எது நீங்கள் நினைத்துக்கொண்டது என்று வாசகருக்குத் தையல் தெரியும்படி எழுதுங்கள். பக்கத்துப் பெயர்களைப் படியுங்கள். ஒரே ஊரிலிருந்து ஒரே கப்பலில் அடுத்தடுத்த எண்ணில் போனவர்களைப் படியுங்கள். அதற்கு மேலும் கட்டம் வெறுமையாக இருந்தால் அதை அப்படியே விடுங்கள். பின்னால் ஒருவர் வந்து, வேறொரு ஏட்டைப் புரட்டி, அங்கே சரியான பெயரை எழுதக்கூடும். நாம் நிரப்பி வைத்துவிட்டால் அவருக்கு இடம் இருக்காது.